கணக்கைத் திறந்து வைத்துப் பேரம் பேசுவது எப்படி

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், பந்திக்குப் போகும் வழியில் ஒரு மேசையைப் போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை எண்ணி மஞ்சள் பையில் போடுவார். மற்றவர் பெயரையும் தெருவையும் தொகையையும் நீள நோட்டில் எழுதுவார். கல்யாணம் முடிந்ததும் பீரோவுக்குள் போகும் அந்த மொய் நோட்டு, நமக்கு மொய் எழுதியவர் வீட்டில் ஒரு விசேஷம் வரும் நாளில்தான் மறுபடியும் வெளியே வரும். அன்றைக்கு வீட்டில் நடக்கும் பேச்சு எல்லோரும் அறிந்ததே. அவர் நமக்கு ஐந்நூறு எழுதினார், நாமும் அதே ஐந்நூறை எழுதினால் கணக்கைத் தீர்த்துக்கொண்டதுபோல் ஆகிவிடும், குறைத்து எழுதினால் மனஸ்தாபம் வரும், ஆகவே கொஞ்சம் கூட்டி எழுதுவோம் என்பார்கள். அந்தக் கொஞ்சம் இருக்கும்வரை கணக்கும் முடியாது, போக்குவரத்தும் நிற்காது.

இருபத்தைந்து ஆண்டுகளாக நைட்டி தைக்கும் சிறிய பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். துணியைக் கோடவுன் தெருவிலும், ஜிப், லேஸ், பொத்தான் ஆகியவற்றைச் சௌகார்பேட்டை, மண்ணடிச் சந்துகளிலும் வாங்கி, தைத்த சரக்கை எம்.சி. ரோட்டுக் கடைகளுக்குப் போடுகிறேன். தொடக்கத்தில் பேரம் என்றால் அடித்துப் பேசி விலையைக் குறைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அதுவும் ஒரு மொய் நோட்டுதான் என்பதும், அந்த நோட்டை எழுதும் முறை ஆளுக்கு ஆள், தெருவுக்குத் தெரு மாறும் என்பதும் பிடிபடப் பல வருடங்கள் ஆயின. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் நோட்டு எப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்துகொண்டு பேசுவதற்கு எனக்குக் கைகொடுத்த வழிகளை, புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கடைக்குக் கிளம்பும் முன்

இரண்டு மூன்று கடைகளில் விலை விசாரிப்பது, எந்த விலைக்கு மேல் போனால் நமக்குக் கட்டுப்படியாகாது என்று முடிவு செய்துகொள்வது, பேச்சு முறிந்தால் சரக்கு வேறு எங்கே கிடைக்கும் என்று தெரிந்து வைத்திருப்பது ஆகியவற்றை விளக்கத் தேவையில்லை. பலரும் செய்யாமல் விடுவது வேறு ஒன்று: நமக்குச் செலவு குறைவாகவும் எதிராளிக்குப் பயன் அதிகமாகவும் இருக்கிற எதையெல்லாம் நம்மால் கொடுக்க முடியும் என்று யோசித்துப் பார்ப்பது. கோடவுன் தெருவுக்குள் பகலில் வண்டி நுழைவதே பெரும்பாடு. நானே மீன்பாடி வண்டி பிடித்துச் சரக்கை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னால், கடைக்காரருக்கு லோடுமேன் கூலியோடு ஒரு தலைவலியும் மிச்சம். தீபாவளி முடிந்த பிறகு ரேக்கில் தேங்கிக் கிடக்கும் டிசைன்களை மொத்தமாக எடுத்துக்கொள்வது, முழுத் தொகையையும் அன்றைக்கே ஜிபேயில் அனுப்பிவிடுவது, பணம் ஒழுங்காகக் கொடுக்கும் இன்னொரு பட்டறைக்காரரை அறிமுகம் செய்து வைப்பது ஆகியவையும் இந்த வகைதான். இவற்றை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்; பேச்சு சூடாகும்போது ஒன்றுமே நினைவுக்கு வராது.

போகும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. போணி ஆவதற்கு முன் கடைக்குள் நுழைந்து, அரைமணி நேரம் விலை பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர் அந்தக் கடைக்காரரின் நாளையே கெடுத்துவிட்டுப் போகிறார் என்பது இங்கே பொதுவான நம்பிக்கை. தமிழிலும் தெலுங்கிலும் போணி என்றும், இந்தியில் போஹ்னி என்றும் வழங்கும் இந்தச் சொல், மூன்று மொழி பேசும் கடைக்காரர்களையும் ஒரே மாதிரி கட்டுப்படுத்துகிறது. முதல் வாடிக்கையை விட மனமில்லாமல் நஷ்டத்துக்குக்கூடக் கொடுத்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டுக் காலை முதல் ஆளாகப் போய் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த லாபம் ஒரு முறைதான் கிடைக்கும். மறுமுறை அதே முகத்தைக் கண்டதும் 'இன்னும் ஸ்டாக் பிரிக்கலை' என்று சொல்லிவிடுவார்கள். நிச்சயமாக வாங்கப் போகிறீர்கள் என்றால் காலையிலும், விசாரிக்க மட்டும் என்றால் பதினொரு மணிக்கு மேலும் போவது நல்லது.

டீயும் அதன் விலையும்

உட்கார்ந்ததும் டீ வரும். அதை மறுக்காதீர்கள், மறுப்பது, உங்களோடு கணக்கு வைக்க எனக்கு விருப்பமில்லை என்று சொல்வதற்குச் சமம். ஆனால் குடித்த டீ நம்மை என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு குடிக்க வேண்டும். 1971-ல் அமெரிக்க உளவியலாளர் டென்னிஸ் ரீகன் வெளியிட்ட ஓர் ஆய்வில், சோதனையில் உடன் இருந்தவர்போல் நடித்த ஒருவர், இடைவேளையில் வெளியே போய்த் தனக்கு ஒரு கோக்கும், கேட்காமலேயே பக்கத்தில் இருந்தவருக்கு ஒரு கோக்கும் வாங்கி வந்தார். பிறகு 25 சென்ட் விலையுள்ள பரிசுச்சீட்டுகளை வாங்கிக்கொள்ளும்படி கேட்டார். கோக் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு சீட்டுகளை வாங்கினார்கள். அவ்வளவையும் செய்ய வைத்த கோக்கின் விலை, ஒரு சீட்டின் விலையைவிடக் குறைவு.

ஆகவே டீயை டீயால் அடையுங்கள். அடுத்த முறை போகும்போது நான் கடைப் பையன்களுக்கும் சேர்த்து மிக்சரோ பட்டர் பிஸ்கட்டோ வாங்கிக்கொண்டு போவேன். மீட்டருக்கு இரண்டு ரூபாய் என்பது வேறு கணக்கு. ஆயிரம் மீட்டருக்கு அது இரண்டாயிரம் ரூபாய். டீ குடித்த கூச்சத்தில் இரண்டாயிரத்தை விட்டுக்கொடுத்துவிட்டு, 'மனுஷன் ரொம்ப மரியாதையானவர்' என்று வீட்டில் வந்து சொன்ன காலம் எனக்கும் உண்டு.

இறங்குவதும் ஏறுவதும்

விலையில் இறங்குவதும் ஒன்றைக் கொடுப்பதே. ஒருவர் இறங்கினால் மற்றவருக்குத் தானும் ஏறவேண்டும் என்ற உறுத்தல் வரும். 1975-ல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வாளர்களும், சீர்திருத்த இல்லச் சிறுவர்களை இரண்டு மணி நேரம் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போக முடியுமா என்று கல்லூரி மாணவர்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர்தான் சம்மதித்தார். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வீதம் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு அந்தச் சிறுவர்களுக்கு வழிகாட்டியாக இருக்க முடியுமா என்று முதலில் கேட்டு, முடியாது என்ற பதில் வந்த பிறகு மிருகக்காட்சிசாலைக்கு இறங்கி வந்து கேட்டபோது, பாதிப் பேர் சம்மதித்தார்கள். அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பயன்பட்ட செய்தி இதற்கு அடுத்தது: பெரிய கோரிக்கையை ஒருவரும் சிறிய கோரிக்கையை வேறொருவரும் கேட்டபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. காலையில் மகனை அனுப்பி விலை கேட்கச் சொல்லிவிட்டு, மாலையில் அப்பா வந்து பேச்சை முடிக்கும் வழக்கம் நம் கடைகளில் நிறைய உண்டு. மகன் இறங்கிய இறக்கம் அப்பாவின் கணக்கில் வரவாகாது. ஒரே ஆள் தொடங்கி, அதே ஆள் முடிக்க வேண்டும்.

போன மாதம் நடந்ததையே எடுத்துக்கொள்கிறேன். மெத்தை விரித்த கடை. வெள்ளை விரிப்பின் மேல் துணிக்கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, தெலுங்கும் மார்வாடியும் மெட்ராஸ் தமிழும் சரளமாகப் பேசும் முதலாளி மீட்டர் 92 ரூபாய் என்றார். நான் துணியின் ஓரத்தை விரலில் சுருட்டிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, 78 என்றேன். 'கட்டுப்படி ஆவாது நைனா' என்று கால்குலேட்டரைத் தள்ளி வைத்தார். அவர் கால்குலேட்டரை மறுபடியும் கையில் எடுக்கும்வரை நான் தொகையை மாற்றவில்லை. கையில் எடுத்தால்தான் பேச்சு உண்டு. அவர் 88-க்கு வந்ததும், வண்டியை நானே ஏற்பாடு செய்கிறேன் என்று சொல்லி 82-க்கு ஏறினேன். 86 என்றார், இன்றைக்கே முழுப்பணம் என்று சொல்லி 83-க்கு ஏறினேன். முதலில் நாலு ரூபாய், அடுத்து ஒரு ரூபாய் என்று என் ஏற்றம் சுருங்கியதை அவர் கவனித்தார், அவருடைய இறக்கம் சுருங்கியதை நானும் கவனித்தேன். எல்லை நெருங்கிவிட்டது என்பதை அந்தச் சுருக்கம்தான் சொல்லும். ஒவ்வோர் ஏற்றத்தோடும் ஒரு காரணத்தைச் சேர்த்துச் சொன்னதால், வெறும் பயத்தில் ஏறுகிறான் என்று அவர் நினைக்க இடமில்லை. 84-ல் முடிந்தது.

முடிந்த பிறகுதான் கொசுறு கேட்க வேண்டும். கீரைக்காரம்மாவிடம் கறிவேப்பிலை கேட்பதுபோல், நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் கூடப் போடச் சொன்னேன், சிரித்துக்கொண்டே போட்டார். விலையில் இறங்காத கை கொசுறில் இறங்குவதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது. ஒரு முறை 83 என்று பில் போட்டால் அடுத்த முறை பேச்சு 83-லிருந்து தொடங்கும், பக்கத்துக் கடைக்கும் செய்தி போகும். கொசுறு எந்தப் பில்லிலும் ஏறாது. எனவே விலையில் முட்டிக்கொண்டு நிற்கும்போது கொசுறுக்கு மாறுங்கள். பேச்சு முடிவதற்கு முன்பே அதைக் கேட்டால் அதுவும் விலையோடு சேர்ந்து கரைந்துவிடும்.

'பார்க்கலாம்' என்றால் என்ன?

நம்மிடம் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லும் வழக்கம் குறைவு. 'பார்க்கலாம்', 'சொல்லி அனுப்பறேன்', 'பையன் வரட்டும்' என்பவை பெரும்பாலும் மறுப்புகள். 'எப்ப வேணும்?', 'எத்தனை மீட்டர்?' என்று எதிர்க்கேள்வி வந்தால் விருப்பம் இருக்கிறது என்று கொள்ளலாம். தலையை இருபக்கமும் மெல்லச் சாய்த்தால் நமக்கு அது சம்மதம். பெரியமேட்டுக்குத் தோல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரருக்கு அது மறுப்பாகத் தெரியும். அவர்களிடம் தலையை நம்பாமல் வாயைத் திறந்து, இந்தத் தொகைக்கு இந்தத் தேதியில் தருகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். அவர்கள் நேரடியாக முடியாது என்று சொல்வதை அவமானமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். பலருக்கு அது கணக்கை மூடும் சொல் கிடையாது, ஒரு தகவல், அவ்வளவே.

பணத்தை இடக்கையால் நீட்டாதீர்கள் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சில கடைகளின் நாட்காட்டியைத் தெரிந்துகொள்வது அதைவிட முக்கியம். மார்வாடி, குஜராத்திக் கடைகளில் பலர் தீபாவளியில் புதுக்கணக்கு எழுதுவதால், அதற்கு முந்தைய இரண்டு வாரங்கள் பழைய பாக்கியை வசூலிக்கும் காலம். அப்போது கடன் நீட்டிப்புக் கேட்டுப் போகக்கூடாது. மண்ணடியில் வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகை நேரத்துக்கும், ரமலானில் நோன்பு திறக்கும் மாலை நேரத்துக்கும் பேச்சை வைத்துக்கொள்ளக்கூடாது. ஆனால் பெயரையும் நெற்றியையும் தொப்பியையும் பார்த்து, இவர் இப்படித்தான் பேசுவார் என்று முன்கூட்டியே தீர்மானிக்கிறவர் முதல் பேச்சிலேயே ஏமாறுவார். மூன்று தலைமுறையாகத் தங்கசாலையில் இருக்கும் ஒருவரை 'சேட்டு' என்று கூப்பிட்டால் சிலர் சிரிப்பார்கள், சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மற்றவர்கள் அவரை எப்படி அழைக்கிறார்களோ அப்படியே அழைப்பது பாதுகாப்பானது.

நான் கணக்கை மூடிய கதை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் என் கோடவுனுக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் புகுந்தது. தைத்து மடித்து வைத்திருந்த சரக்கில் பாதி வீணாயிற்று. அந்த வாரம் பேங்கில் போட வேண்டிய என்னுடைய செக் ஒன்று ஜிப் கடைக்காரரிடம் இருந்தது. அவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை, செக்கை மட்டும் மார்ச் வரைக்கும் போடவில்லை. மார்ச்சில் பணம் கையில் வந்ததும், மூன்று மாத வட்டியைக் கணக்குப் போட்டு, அசலோடு சேர்த்து ஒரு கவரில் வைத்து, மேலே அசல் இவ்வளவு, வட்டி இவ்வளவு என்று எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாணயமாக நடந்துகொண்டதாகத்தான் எனக்கு நினைப்பு.

அவர் கவரைப் படித்தார். வட்டிப் பணத்தை மட்டும் எண்ணி எடுத்து மேசையின் என் பக்கத்து ஓரத்தில் வைத்தார். 'நான் கேட்டனா தம்பி?' என்றார். அதற்கு மேல் பேச்சில்லை. அடுத்த இரண்டு மாதம் ஜிப் சரியான விலைக்கு வந்தது, சரியான நாளில் வந்தது, டீ வரவில்லை.

நான் செய்த தவறுகள் இரண்டு. வட்டி வாங்குவது அவருடைய மார்க்கத்தில் விலக்கப்பட்டது. அதைக் கவர்மேல் எழுதியே நீட்டியிருந்தேன். அந்தத் தவறு உடனே புரிந்தது. இரண்டாவது புரியக் கொஞ்ச நாள் பிடித்தது: அவர் செய்த உதவிக்கு நான் ஒரு விலை போட்டு, அதைச் செலுத்தி, ரசீது கேட்டதுபோல் நடந்துகொண்டேன். உதவியை அதே நாணயத்தில் உடனே திருப்பினால் அது கொடுக்கல் வாங்கல் ஆகிவிடும். வேறு வடிவத்திலும் கொஞ்ச காலம் கழித்தும் திருப்பினால்தான் கைம்மாறாக நிற்கும். பள்ளிச் சீருடை சீசனில் அவரிடம் லேஸும் எலாஸ்டிக்கும் தேங்கிக் கிடப்பது தெரிந்து, விலை பேசாமல் முழு லாட்டையும் எடுத்துக்கொண்டேன். வண்டியில் ஏற்றும்போது டீ வந்தது.

கடல் கடந்தால்

கொடுப்பது எங்கும் நல்லெண்ணத்தையே வளர்க்கும் என்று நம்புகிறவர்கள், மானிடவியலாளர் ஜோசப் ஹென்ரிக்கும் உடன் ஆய்வாளர்களும் 15 சிறு சமூகங்களில் நடத்தி 2001-ல் வெளியிட்ட ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவரிடம் ஒரு தொகை தரப்படும்; அவர் அதில் ஒரு பங்கை இன்னொருவருக்கு ஒதுக்க வேண்டும்; அந்த இன்னொருவர் வேண்டாம் என்றால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பெரு நாட்டின் மச்சிகுவெங்கா மக்கள் சராசரியாக நான்கில் ஒரு பங்கை ஒட்டியே ஒதுக்கினார்கள், அதை மறுத்தவர்களும் அரிது. பப்புவா நியூகினியின் அவ், க்னாவ் மக்களிலோ, பாதிக்கு மேல் ஒதுக்கப்பட்டதைக்கூட வேண்டாம் என்றவர்கள் இருந்தார்கள். கேட்காமல் வரும் பெரிய பரிசை வாங்கினால், கொடுத்தவர் பின்னால் எப்போது எதைக் கேட்டாலும் செய்தாக வேண்டிய கடமை அங்கே வந்து சேர்கிறது. நம் வீடுகளில், 'இவ்ளோ பெரிய சீரை நாம எப்ப திருப்பிச் செய்யறது?' என்று கலங்கும் அம்மாக்களுக்கு இது புதிதாக இருக்காது.

பாரிமுனை வியாபாரிகள் பலர் இன்று சீனாவின் மொத்தச் சந்தை நகரமான யிவூவுக்கும், 1957 முதல் குவாங்சோவில் நடந்துவரும் கான்டன் வணிகக் கண்காட்சிக்கும் போய்வருகிறார்கள். அங்கே சாப்பாட்டு மேசையில் செலவழியும் நேரத்தை வீண் என்று நினைக்க வேண்டாம். கணக்கு திறப்பதே அங்கேதான். பரிசை இரண்டு கையாலும் கொடுங்கள். ஒன்றிரண்டு முறை மறுத்த பின் வாங்கிக்கொண்டால் அது அவர்களுடைய மரியாதை. நம்மவர்களுக்குப் பரிசு என்றதும் கடைப்பெயர் அச்சடித்த சுவர்க்கடிகாரம்தான் முதலில் தோன்றும். சீன மொழியில் கடிகாரம் பரிசளிப்பது என்ற சொல், இறுதிக் காலத்தில் உடனிருந்து வழியனுப்புவது என்ற சொல்லைப்போல் ஒலிப்பதால், அதை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள்.

வாங்கக்கூடாத உதவி

சில உதவிகள் வாங்கும்போதே விலங்காக வரும். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலையும் இன்ஜினும் பழுது பார்க்க வேண்டிய அந்த நாட்களில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கும் படகுக்காரர், கடலுக்குப் போய்வந்ததும் அந்த வியாபாரி வழியாகவே மீனை விற்றாக வேண்டியிருக்கும். வட்டி இல்லாத பணம் என்று சொல்லப்பட்டாலும், ஏலத்தில் தாராளமாகப் பேசும் உரிமை அதற்கு ஈடாகப் போய்விடுகிறது. எந்த முன்பணத்தை வாங்கும்போதும், எப்போது, எந்த வடிவில் இது தீரும் என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வாங்க வேண்டாம்.

அரசு அலுவலகத்தில் இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் முயன்று பார்க்காதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டம் 2018-ல் திருத்தப்பட்ட பிறகு கொடுப்பவரும் குற்றவாளியே. கட்டாயத்தின் பேரில் கொடுக்க நேர்ந்தால் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம்.

நமக்கு வரவேண்டிய பணத்துக்கும் சட்டம் உண்டு. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும் பணம் தர வேண்டும். தவறினால் மாதந்தோறும் கூடும் கூட்டுவட்டி சேரும். இதை நான் யாரிடமும் வாயால் சொன்னதில்லை. பில்லின் அடியில் சிறிய எழுத்தில் அச்சிட்டு வைத்திருக்கிறேன். படிக்க வேண்டியவர்கள் படித்துக்கொள்கிறார்கள். பேச்சு எவ்வளவு சுமுகமாக முடிந்தாலும், மீட்டர், விலை, நாள் மூன்றையும் அன்றைக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிடுவதும் என் வழக்கம்.

இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். இடப்பக்கத்தில் மற்றவர்கள் எனக்குச் செய்தது, வலப்பக்கத்தில் நான் செய்தது. தொகை எழுதுவதில்லை, நிகழ்ச்சியை மட்டும் இரண்டு வரியில் எழுதுவேன். அடுத்த மாதம் ஜிப் கடை பாய் மகளுக்கு நிக்காஹ். பத்திரிகையைக் கடைக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனார். என் மகள் கல்யாணத்தில் அவர் எழுதியது எவ்வளவு என்று வீட்டில் மொய் நோட்டை எடுத்துப் பார்த்தோம். 2,001 என்று இருந்தது. நம் வழக்கத்துக்காக அந்த ஒரு ரூபாயைச் சேர்த்திருக்கிறார். எவ்வளவு எழுதுவது என்று எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. 2,001 இல்லை என்பது மட்டும் முடிவாகியிருக்கிறது.